காக்கா ஆழி அடுத்து எங்கே போகும்? முன்கணிப்பு வரைபடத்தை வகுப்பறையில் புரிய வைத்தல்

கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள நாரணாபுரம் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு கடல் மட்டியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் பகுதியில் பெய்யும் மழைநீர் அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றில் சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. கடல் நமக்குத் தொலைவில் இருந்தாலும் தொடர்பில்லாதது அல்ல. இரண்டாவது, ஓர் அயல் உயிரினம் எங்கெல்லாம் பரவக்கூடும் என்று விஞ்ஞானிகள் கணிக்கும் முறையை நம் ஊர்ச் சீமைக்கருவேல மரத்தை வைத்தே மாணவர்களுக்குப் புரிய வைத்துவிடலாம். உயிரினப் பன்மை, வரைபடத் திறன், தகவல் செயலாக்கம் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே செயல்பாட்டில் சேரும் அரிய வாய்ப்பு இது.

முதலில் கடற்கரையில் நடந்ததைப் பார்ப்போம்.

எண்ணூரில் நடந்தது

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்திலும் அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரியிலும் சில ஆண்டுகளாக ஒரு சிறிய மட்டி பெருகிக் கிடக்கிறது. அப்பகுதி மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. பழைய நூல்களில் மைடெல்லா சர்ருவானா என்ற பெயரில் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவுபடுத்தியது. இணையத்தில் தேடும் ஆசிரியர்கள் இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். அங்கிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து எனப் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. கேரளத்தில் கொச்சி உவர்நீர்ப் பகுதியிலும் அஷ்டமுடி ஏரியிலும் இது இருப்பது 2019இல் ஆய்விதழ்களில் பதிவானது.

பார்ப்பதற்குச் சாதாரண மட்டிதான். பெரும்பாலும் சில சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஓட்டின் நிறம் கறுப்பு, பழுப்பு, பச்சை, வரிகள் எனப் பலவாறாக மாறும். சிக்கல் அதன் வாழ்முறையில் இருக்கிறது. உடலிலிருந்து சுரக்கும் உறுதியான நூல் போன்ற இழைகளால் கல், மரக்கட்டை, கயிறு, படகின் அடிப்பாகம், மற்ற சிப்பிகள் என எதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, சேற்றின் மேல் பாய் விரித்தது போலப் படர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இறால் சேற்றில் புதைந்து வாழும். சேற்றின் மேல் மட்டிப் பாய் படர்ந்துவிட்டால் இறால் புதைய இடமில்லை, கையால் தேடவும் வழியில்லை. ஓட்டின் விளிம்பு கையையும் காலையும் கிழிக்கும். உள்ளூர் மஞ்சள் மட்டி வாழ்ந்த இடத்தையும் இதுவே பிடித்துக்கொள்கிறது. இதை முதலில் கண்டு, பெயர் வைத்து, முறையிட்டவர்கள் மீனவர்களே. பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதை விசாரித்தது. அகற்றும் பொறுப்பு அரசுத் துறைகளிடம் வந்தது.

வந்த பின் அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணூர் காட்டுகிறது. ஆகவே அடுத்த கேள்வி: இது இனி எங்கே போகக்கூடும்? அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

கணிப்பு எப்படித் தொடங்குகிறது

இந்தக் கணிப்பின் அடிப்படைச் சிந்தனை மிக எளியது. ஓர் உயிரினம் இப்போது எங்கெல்லாம் வாழ்கிறதோ, அந்த இடங்களுக்குப் பொதுவான தன்மைகள் எவை என்று பார்க்கிறோம். பிறகு அதே தன்மைகள் உள்ள வேறு இடங்களைத் தேடுகிறோம்.

இதற்கு இரண்டு வகைத் தகவல்கள் தேவை. ஒன்று, அந்த உயிரினம் கண்டறியப்பட்ட இடங்களின் பட்டியல். ஒவ்வோர் இடத்துக்கும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு அளவுகள் இருக்கும். அருங்காட்சியகப் பதிவுகள், ஆய்வுக் கட்டுரைகள், பொதுமக்கள் எடுத்த படங்கள் ஆகியவற்றிலிருந்து இப்பட்டியல் தொகுக்கப்படுகிறது. மற்றொன்று, கடலின் தன்மைகளைச் சொல்லும் வரைபடங்கள். நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம், மிதவை உயிரிகளின் அளவு போன்றவை ஒவ்வொன்றும் தனித்தனி வரைபடமாகக் கிடைக்கின்றன.

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், "இந்த மட்டி இருக்கும் இடங்களில் நீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு" என்பது தெரியவரும். இந்த ஒப்பீட்டைச் செய்யும் கணினி முறைகளில் பரவலாகப் பயன்படுவது மேக்ஸென்ட் என்பது. 2006இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றின் மூலம் அறிமுகமானது. உயிரினம் காணப்பட்ட இடங்களின் பட்டியல் மட்டும் இருந்தால் போதும், காணப்படாத இடங்களின் பட்டியல் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. இந்தச் சிறப்பிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இத்துடன் ஆய்வகச் சோதனைகளும் உதவுகின்றன. உப்புத்தன்மையைச் சிறிது சிறிதாக மாற்றினால், இந்த மட்டி ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு முதல் 40 கிராம் உப்பு வரை தாங்கி உயிர் வாழ்கிறது என்று ஃபுளோரிடாவில் செய்த சோதனைகள் காட்டின. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதாவது, கிட்டத்தட்ட நன்னீரிலிருந்து கடலைவிட உப்பான நீர் வரை இதற்குச் சம்மதம். மழைக்காலத்தில் ஆற்றுநீரும் கோடையில் கடல்நீரும் மாறி மாறி வரும் நம் கழிமுகங்களில் இது ஏன் நிலைத்து நிற்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

இந்த எண்களைக் கண்முன் காட்ட இரண்டு பாட்டில்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, ஒன்றில் 2 கிராம், மற்றதில் 35 கிராம் உப்பைக் கரைக்கலாம். எடை போட்டு மேசையில் வைத்த உப்பின் அளவைப் பார்த்தாலே மாணவர்களுக்கு வேறுபாடு புரிந்துவிடும்.

கூட்டலா, பெருக்கலா?

நடுநிலை வகுப்புகளில் இந்த இடத்தில் ஒரு நல்ல கணக்கைக் கொடுக்கலாம். மட்டி வாழ நான்கு தேவைகள் என்று வைத்துக்கொள்வோம்: வெதுவெதுப்பான நீர், தேவையான அளவு உப்பு, ஒட்டிக்கொள்ள ஏதேனும் ஒரு பரப்பு, உணவாக மிதவை உயிரிகள். ஒவ்வொரு தேவைக்கும் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு நான்கும் 1. நாரணாபுரம் கண்மாய்க்கு வெதுவெதுப்பு 1, ஒட்டும் பரப்பு 1, மிதவை உயிரிகள் 1, உப்பு 0. கூட்டினால் கண்மாய்க்கு நான்கில் மூன்று மதிப்பெண். தேர்வாக இருந்தால் 75 விழுக்காடு, நல்ல தேர்ச்சி. அப்படியானால் இந்த மட்டி நம் கண்மாயிலும் வாழுமா?

வாழாது. உயிர் வாழ்தல் என்பது சராசரி மதிப்பெண் அல்ல. ஒரு பாடத்தில் பூஜ்ஜியம் என்றால் மொத்தமும் பூஜ்ஜியம். எனவே கூட்டுவதற்குப் பதில் பெருக்க வேண்டும்: 1 × 1 × 0 × 1 = 0. எண்ணூருக்கு 1 × 1 × 1 × 1 = 1. எது குறைவாக இருக்கிறதோ அதுவே எல்லையை முடிவு செய்கிறது என்ற சூழலியல் கருத்து, ஒரு பெருக்கலில் மாணவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

"அப்படியானால் கண்மாய்க்கு எந்த மட்டியும் வராதா?" என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். காக்கா ஆழி வராது என்றுதான் நாம் சொன்னோம். நன்னீரில் வாழும் வேறு ஆக்கிரமிப்பு மட்டிகள் உலகில் உண்டு. வட அமெரிக்கப் பேரேரிகளில் 1980களின் இறுதியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரை மட்டி அப்படிப்பட்டது. கணிப்பு எப்போதும் ஓர் உயிரினத்துக்கு உரியது. ஒன்றின் வரைபடம் மற்றதற்குப் பொருந்தாது.

வரைபடம் காட்டாதவை

கணினி தரும் வரைபடம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆபத்தான இடங்கள் சிவப்பில், பாதுகாப்பானவை நீலத்தில். அதை அப்படியே நம்பிவிடாமல் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. குறைந்தது மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: கட்டத்தின் அளவு என்ன? உலகக் கடல்களுக்காகத் தயாரிக்கப்பட்டுப் பரவலாகப் பயன்படும் தகவல் தொகுப்புகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர். ஆனால் காக்கா ஆழி விரும்பும் கழிமுகங்களோ சில நூறு மீட்டர் அகலமே கொண்டவை. 9 கிலோமீட்டர் கட்டத்துக்குள் கழிமுகம், மணல்மேடு, உப்பளம், திறந்த கடல் எல்லாம் ஒரே சராசரி எண்ணாகிவிடும். இந்த மட்டி வாழும் இடமே வரைபடத்தில் தெரியாமல் போகலாம். ஊர் முழுவதற்கும் சராசரி மதிப்பெண் சொன்னால் ஒரு மாணவரின் நிலை தெரியாது என்பது நமக்குத் தெரியுமே, அதுபோலத்தான்.

இரண்டாம் கேள்வி: எங்கெல்லாம் தேடினார்கள்? மட்டி காணப்பட்ட இடங்களின் பட்டியல் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் துறைமுகங்களுக்கும் பக்கத்தில் இருந்து வருகிறது. ஆய்வாளர்கள் போக வசதியான இடங்கள் அவை. காணப்படாத இடங்களின் பட்டியல் தேவையில்லை என்பதில் உள்ள ஆபத்து இதுதான். தேடாத இடமும், தேடியும் கிடைக்காத இடமும் வரைபடத்தில் ஒரே மாதிரி வெறுமையாகத் தெரியும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

மூன்றாம் கேள்வி: இன்று இல்லை என்றால் நாளையும் இல்லையா? ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 1986இல் ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாய்களில் இந்த மட்டி பெருகிக் கிடந்தது. அடுத்து வந்த கடுங்குளிரில் அழிந்துபோனது. குளிர் இதற்கு எல்லை என்று முடிவு செய்தால் அது சரியான முடிவே. ஆனால் 2004இல் அதே மாநிலத்தில் வேறொரு காயலில் மீண்டும் தென்பட்டது. அதன் பின் ஃபுளோரிடா, ஜார்ஜியா கடற்கரைகளில் பரவியது. ஒருமுறை தோற்ற விருந்தாளி மறுமுறை வரமாட்டார் என்று எந்த வரைபடமும் உறுதி தர முடியாது. கடல்நீர் சூடாகிவரும் காலத்தில் குளிர் என்ற வேலியும் இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. நம் கடற்கரைக்கோ அந்த வேலியே கிடையாது.

வாழ இடம் உண்டு, வர வழி உண்டா?

ஓர் இடம் உயிரினத்துக்கு ஏற்றதாக இருப்பது ஒன்று. அந்த உயிரினம் அங்கே வந்து சேர்வது வேறொன்று. நல்ல கணிப்பு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்.

பெருங்கடலைக் கடந்து வர இதற்குக் கப்பல் வேண்டும். சரக்கு இல்லாத கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க, அடித்தளத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். இதை நிலைப்படுத்தும் நீர் அல்லது பேலாஸ்ட் நீர் என்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் நிரப்பிய நீரை வேறொரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது வெளியேற்றுவார்கள். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத மட்டியின் இளவுயிரிகளும் பயணம் செய்யும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் முதிர்ந்த மட்டிகள் வரும். எண்ணூருக்கும் கொச்சிக்கும் இது கப்பல் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்பது வலுவான கருத்து. இரண்டு இடங்களிலும் கழிமுகத்தை ஒட்டியே துறைமுகம் இருப்பதைக் கவனியுங்கள்.

இதைத் தடுக்கவே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2004இல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. அது 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள உயிருள்ள உயிரிகள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் தரநிலை. விதி வருவதற்கு முன்பே வந்து குடியேறியவற்றுக்கு இந்த விதி பொருந்தாதே!

ஒரு கடற்கரைக்குள் வந்த பின் பரவக் கப்பல் தேவையில்லை. இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து போகும். தமிழகக் கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. எனவே எண்ணூரிலிருந்து ஆந்திரக் கரைக்கும் போகலாம், தெற்கேயும் வரலாம். மீன்பிடிப் படகுகள், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் வலைகள், கயிறுகள், இறால் பண்ணைக்குக் கொண்டுபோகும் உவர்நீர் என மனிதர் வழியாகவும் போகலாம்.

டார்வின் துறைமுகம் சொல்லும் பாடம்

இவ்வளவு குறைபாடுகள் உள்ள கணிப்பால் என்ன பயன்? ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்தது இதற்கு நல்ல விடை.

காக்கா ஆழியின் தூரத்து உறவு போன்ற மற்றொரு மட்டி கறுவரி மட்டி. அதன் தாயகமும் மத்திய அமெரிக்கப் பகுதிதான். இந்தியாவுக்கு இது புதிதல்ல. 1960களிலேயே விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கண்டறியப்பட்டது. 1999 மார்ச்சில் டார்வினில் படகுகள் நிறுத்தும் ஓர் உள்துறையில் இது அடர்ந்து கிடப்பதைக் கண்டார்கள். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் நடந்த கணக்கெடுப்பில் அங்கே ஒன்றுகூட இல்லை. ஆறே மாதத்தில் சுவர்களையும் படகுகளையும் மூடியிருந்தது.

அந்த உள்துறைகளுக்குக் கடலிலிருந்து பிரிக்கும் பூட்டுக் கதவுகள் இருந்தன. உடனே கதவுகளை மூடி, படகுகளைத் தனிமைப்படுத்தி, நீரில் குளோரினும் மயில்துத்தமும் கலந்து சில வாரங்களில் முற்றிலும் ஒழித்தார்கள். கடலில் குடியேறிய ஓர் ஆக்கிரமிப்பு மட்டியை அடியோடு ஒழித்ததற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிகழ்வு இது.

இதே முறையை எண்ணூரில் செய்ய முடியுமா? முடியாது. அது கதவு உள்ள தொட்டி அல்ல, ஓடும் ஆறு. மக்கள் இறங்கி இறால் பிடிக்கும் நீரில் மயில்துத்தம் கலக்க யாரும் துணியமாட்டார்கள். அள்ளி அள்ளி வெளியே போடுவது ஒன்றே வழி. அள்ளிய பின்னும் எஞ்சியவை மீண்டும் பெருகும்.

டார்வின் பிழைத்ததற்குக் காரணம் மருந்து மட்டுமல்ல, சரியான இடத்தில் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்ததும்தான். முன்கணிப்பு வரைபடத்தின் உண்மையான பயன் இங்கே தெரிகிறது. அது "இங்கே வந்தே தீரும்" என்று சொல்லும் தீர்ப்பு அல்ல. "முதலில் இங்கே தேடுங்கள்" என்று சொல்லும் பட்டியல். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட தமிழகக் கடற்கரை முழுவதையும் மாதந்தோறும் யாராலும் தேட முடியாது. பத்து இடங்களைத் தேட முடியும். அந்தப் பத்து எவை என்று சொல்வதுதான் கணிப்பின் வேலை.

நமக்குப் பக்கத்துக் கடலில் இந்தப் பட்டியலை மாணவர்களே தயாரிக்கலாம். தூத்துக்குடியில் பெரிய துறைமுகம் இருக்கிறது. எனவே வர வழி உண்டு. அதற்குத் தெற்கே புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. அங்கே உவர்நீரும் அலையாத்திச் செடிகளும் உண்டு. எனவே வாழ இடம் உண்டு. துறைமுகமும் கழிமுகமும் அருகருகே அமைந்த எண்ணூரின் அமைப்பு இங்கே ஓரளவு திரும்பி வருகிறது. நம் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பதால் அதன் முகத்துவாரத்துக்குச் சற்றுக் குறைந்த இடம் தரலாம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பித் திட்டுகளோ கரையிலிருந்து விலகி ஆழத்தில் இருப்பவை. அவை இந்த மட்டிக்கு விருப்பமான கழிமுகச் சூழல் அல்ல. இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் சொல்லி வரிசைப்படுத்தும்போது மாணவர் மனப்பாடம் செய்வதில்லை, சிந்திக்கிறார். இது வகுப்பறைப் பயிற்சியே. இந்த இடங்களில் மட்டி வந்துவிட்டது என்று பொருள் அல்ல என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு: சீமைக்கருவேலக் கணிப்பு

கடலுக்குப் போகாமலேயே இந்த முறை முழுவதையும் செய்து பார்க்கலாம். காக்கா ஆழியைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மாவட்டத்தை நிறைத்த உயிரினம் சீமைக்கருவேலம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இச்செயல்பாட்டைச் செய்யலாம். இரண்டு பாடவேளைகளும் ஊர்ச் சுற்றலுக்கு ஒரு காலை நேரமும் போதும்.

படி 1: ஊரின் வரைபடத்தைப் பெரிய தாளில் வரைந்து 60 கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டமும் எந்த வகை நிலம் என்று குறியுங்கள்: கண்மாய்க் கரை, தரிசு, பாசன வயல், குடியிருப்பு.

படி 2: 60 சீட்டுகளைக் குலுக்கி 30 கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்கள் துணையுடன் மாணவர்கள் அந்த 30 கட்டங்களை மட்டும் பார்த்து, சீமைக்கருவேலம் உண்டா இல்லையா என்று குறிக்கட்டும்.

படி 3: தொகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, கண்மாய்க் கரைக் கட்டங்கள் 8இல் 7, தரிசு 10இல் 8, பாசன வயல் 6இல் 1, குடியிருப்பு 6இல் 1 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இதிலிருந்து ஒரு விதியை மாணவர்களே சொல்வார்கள்: "கண்மாய்க் கரையிலும் தரிசிலும் இருக்கும், மற்றவற்றில் இருக்காது." இந்த விதி 30 கட்டங்களில் 7 + 8 + 5 + 5 = 25இல் சரியாக இருக்கிறது.

படி 4: "எல்லாக் கட்டத்திலும் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கு எத்தனை சரியாகும் என்று கேளுங்கள். 7 + 8 + 1 + 1 = 17. நம் விதி 17ஐவிட எவ்வளவு மேல் என்பதே அதன் உண்மையான மதிப்பு.

படி 5: இப்போது பார்க்காத 30 கட்டங்களுக்கு விதியைப் பயன்படுத்திக் கணிப்பு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 25 சரியாக வராது, சற்றுக் குறையும். தெரிந்த இடத்தில் வென்ற விதி தெரியாத இடத்தில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் தேர்வு. விஞ்ஞானிகளும் தங்கள் வரைபடத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

படி 6: தவறுகளை இரண்டாகப் பிரியுங்கள். "இருக்கும் என்றோம், இல்லை" ஒரு வகை. "இருக்காது என்றோம், இருந்தது" மற்றொரு வகை. முதல் வகையால் ஒரு நடை வீண். இரண்டாம் வகையால் ஆக்கிரமிப்பு நம் கண்ணில் படாமல் வளர்ந்துவிடும். எது அதிக ஆபத்து என்று விவாதிக்கவிடுங்கள். ஆண், பெண் குழுக்களாகப் பிரிக்காமல் கலந்து அமர்ந்து விவாதித்தால் கருத்துகள் கூடுதலாக வரும்.

நம் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை வளாகங்களுக்குள்ளோ அவற்றின் வேலிக்கருகிலோ மாணவர்களை அனுப்பக் கூடாது. அந்தக் கட்டங்களில் "இல்லை" என்று எழுதாமல், "பார்க்கவில்லை" என்று தனிக் குறியீடு இடச் சொல்லுங்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் இந்த ஏற்பாடே ஒரு பாடமாகிவிடும். உலகக் கடல் வரைபடத்தில் உள்ள வெற்றிடங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட "பார்க்கவில்லை" கட்டங்களே என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

மரம் எப்படி வந்து சேர்ந்தது என்றும் கேளுங்கள். வீட்டில் ஆடு வளர்க்கும் மாணவர் உடனே விடை சொல்வார். நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் போகும் இடமெல்லாம் சாணத்திலும் புழுக்கையிலும் விதை விழுகிறது. மட்டிக்குக் கப்பல் எதுவோ, கருவேலத்துக்கு ஆடு அது. கரிமூட்டம் போட்டும் விறகு விற்றும் இந்த மரத்தால் பிழைக்கும் குடும்பங்கள் நம் வகுப்பிலேயே இருக்கலாம். எனவே மரத்தைப் பகையாகச் சித்திரிக்காமல், அதன் நன்மை தீமை இரண்டையும் பேச இடம் கொடுப்பது நல்லது.

கடற்கரைச் சுற்றுலா போகும்போது

தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ இராமேசுவரத்துக்கோ மாணவர்களை அழைத்துச் செல்லும் பள்ளிகள் பல. பாலத் தூண்கள், படகுத்துறைக் கற்கள், கரையில் கிடக்கும் பழைய கயிறுகள் ஆகியவற்றில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கரையில் நின்றபடியே பார்க்கச் சொல்லலாம். வழக்கத்துக்கு மாறாகச் சிறு மட்டிகள் கொத்தாகத் தென்பட்டால், பக்கத்தில் ஒரு பேனாவோ அளவுகோலோ வைத்துப் படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பச்சை ஆழியின் குஞ்சுகளும் இதேபோலத் தோன்றும் என்பதால் நாமே முடிவு செய்யாமல், மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ தூத்துக்குடி, மண்டபம் ஆகிய ஊர்களில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ படத்தை அனுப்பலாம். உயிருள்ள எதையும் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். அங்குள்ள மீனவர்களிடம் "புதிதாக ஏதேனும் மட்டி வலையில் வருகிறதா?" என்று கேட்கவும் மாணவர்களைப் பழக்கலாம். எண்ணூரில் வரைபடத்துக்கு முன்பே விடை அவர்களிடம்தான் இருந்தது.

செயல்பாட்டின் முடிவில் மாணவர்கள் எழுத வேண்டிய குறிப்பு மூன்றே வரிகள் போதும்: நான் கணித்தது என்ன, பார்த்தபோது கிடைத்தது என்ன, இன்னும் பார்க்காத கட்டங்கள் எவை. மூன்றாவது வரியைத் தயங்காமல் எழுதும் மாணவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் கொடுங்கள்.